43 இன்ச் டிவி எத்தனை வருஷம் உழைக்கும்?

நீங்கள் கேட்டிருப்பது மூன்று விஷயம். பெரம்பூரில் வாடகை வீடு, பத்துக்குப் பன்னிரண்டு ஹால், அதற்கு 43 இன்ச் டிவி சரியாக இருக்குமா? 4கே கட்டாயம் வேண்டுமா? எந்தக் கம்பெனி டிவி பத்து வருஷம் உழைக்கும்? ஆனால் நடுவில் போகிறபோக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள்: "போன டிவி 32 இன்ச், அஞ்சு வருஷம்கூட முடியல, சத்தம் மட்டும் வருது, படம் இல்ல." உங்கள் நிஜமான கேள்வி அந்த வரியில்தான் இருக்கிறது என்று எனக்குப் படுகிறது. இன்னொரு முறை முப்பதாயிரம் போட்டு, அதுவும் இதே மாதிரி கண்ணை மூடிவிட்டால் என்ன செய்வது என்ற பயம். அதனால் பழைய டிவியிலிருந்தே ஆரம்பிக்கிறேன்.

ஐ.டி.ஐ.யில் ரேடியோ டிவி மெக்கானிக் படித்துவிட்டு, திருவல்லிக்கேணியில் பழுதுபார்க்கும் கடை வைத்து முப்பது வருஷம் ஆகப்போகிறது. பிக்சர் டியூப் காலத்தில் ஆரம்பித்தவன். இதைச் சொல்வதற்குக் காரணம், என் பார்வையில் இருக்கும் ஒரு கோணலையும் நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். என் பெஞ்சுக்கு வருவதெல்லாம் கெட்டுப்போன டிவிகள் மட்டும்தான். ஒழுங்காக ஓடிக்கொண்டிருக்கிற டிவியை யாரும் ஆட்டோவில் ஏற்றிக் கொண்டுவந்து காட்டுவதில்லை. ஒரு கம்பெனி டிவி என்னிடம் நிறைய வருகிறதென்றால் அது மட்டமான டிவியாகவும் இருக்கலாம், ஊரில் அதிகம் விற்ற டிவியாகவும் இருக்கலாம். எனவே எந்த பிராண்ட் நல்லது என்ற கேள்விக்கு என்னிடமிருந்து ஒரு பெயரை எதிர்பார்க்காதீர்கள். எது எதனால் கெடுகிறது என்று கேட்டால் அதைத் தெளிவாகச் சொல்ல முடியும்.

முதலில் இன்று இரவே ஒரு வேலை செய்யுங்கள். ஹாலில் விளக்கையெல்லாம் அணைத்துவிட்டு அந்த 32 இன்ச்சைப் போடுங்கள். சத்தம் வந்ததும் செல்போன் டார்ச்சைத் திரைக்கு மிக அருகில், சற்றுச் சாய்த்து அடித்துப் பாருங்கள். உள்ளே மங்கலாகப் படம் நகர்வது தெரிந்தால் பேனல், அதாவது படம் காட்டும் கண்ணாடிப் பலகை, உயிரோடு இருக்கிறது, அதற்குப் பின்னால் இருக்கும் வெளிச்சம்தான் போயிருக்கிறது. எல்சிடி பேனல் தானாக ஒளி தராது. பின்னால் இருக்கும் எல்இடி ஸ்ட்ரிப்புகள், அதாவது குட்டி விளக்குகள் பதித்த பட்டைகள், வெள்ளை வெளிச்சம் கொடுக்க (இதைத்தான் பேக்லைட் என்கிறோம்), முன்னால் இருக்கும் கண்ணாடி அதைப் புள்ளி புள்ளியாக வடிகட்டுகிறது. அந்த எல்இடிகள் எல்லாம் கோயில் திருவிழாவில் தொங்கும் சீரியல் செட் மாதிரி ஒன்றன்பின் ஒன்றாகக் கோத்தவை. ஒன்று போனால் வரிசையே அணையும். சில டிவிகள் போட்டவுடன் ஒரு நொடி பளிச்சென்று வந்து அணைவதும் இதனால்தான். வரிசை அறுந்திருக்கிறது என்று போர்டு கண்டுபிடித்துத் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள நிறுத்திவிடுகிறது.

இந்தப் பழுது என்றால் ஸ்ட்ரிப் மாற்றிவிடலாம். ரிச்சி தெருவில் அநேகமாக எல்லா மாடலுக்கும் ஸ்ட்ரிப் கிடைக்கிறது. 32 இன்ச்சுக்குக் கூலியோடு சேர்த்து இரண்டாயிரத்தை ஒட்டி வரும். போன எல்இடியை மட்டும் மாற்றித் தருகிறேன் என்பவரிடம் கொடுக்காதீர்கள். மற்ற எல்இடிகளும் அதே சூட்டில் அதே வருஷங்கள் வெந்தவைதான்; ஆறு மாதத்தில் அடுத்தது போகும். மொத்த ஸ்ட்ரிப்பையும் மாற்றச் சொல்லுங்கள். அப்படியே பேக்லைட்டுக்குப் போகிற கரண்டையும் கொஞ்சம் குறைத்துத் தரச் சொல்லுங்கள். அந்தக் கரண்டைக் கட்டுப்படுத்தும் டிரைவர் பகுதியில் ஒன்றிரண்டு ரெசிஸ்டரைக் கழற்றி இதைச் செய்வோம். வெளிச்சம் கொஞ்சம் குறையும், ஆயுள் கூடும். தொழில் தெரிந்தவர் கேட்டவுடன் சிரித்துக்கொண்டே தலையாட்டுவார்.

பேக்லைட் ஏன் ஐந்து வருஷத்தில் போகிறது? சூடு. கடையில் வரிசையாக நாற்பது டிவி ஓடும்போது எது பளீரென்று தெரிகிறதோ அதைத்தான் ஜனங்கள் வாங்குகிறார்கள். அதனால் கடைக்காரர்கள் 'விவிட்' போன்ற பெயருள்ள ஒரு மோடில் பேக்லைட்டை நூற்றுக்கு நூறு வைத்து ஓட்டுகிறார்கள். வீட்டுக்கு வந்த பிறகும் பலர் அதை மாற்றுவதே இல்லை. சித்திரை வெயிலில் ஹாலே முப்பத்தைந்து டிகிரி இருக்கும்போது, மூடிய தகரப் பெட்டிக்குள் அந்த ஸ்ட்ரிப் தினமும் ஐந்தாறு மணி நேரம் வேகிறது. சில டிவிகளில் திரையில் அங்கங்கே வெள்ளைப் பொட்டு வைத்த மாதிரி பிரகாசமான வட்டங்கள் தெரியும், பார்த்திருக்கலாம். ஒவ்வொரு எல்இடி மேலும் வெளிச்சத்தைப் பரப்புவதற்கு ஒரு குட்டி பிளாஸ்டிக் லென்ஸ் ஒட்டியிருப்பார்கள். சூட்டில் பசை விட்டு லென்ஸ் விழுந்துவிடும். திறந்து பார்த்தால் அடியில் பட்டாணி மாதிரி உருண்டு கிடக்கும். போன வாரம் ஒரு 43 இன்ச்சில் ஒன்பது பொறுக்கினேன்.

ஆகவே புது டிவி வந்ததும் முதல் வேலை, பிக்சர் செட்டிங்கில் பேக்லைட்டை ஐம்பது அறுபதுக்கு இறக்குவது. 'பிரைட்னஸ்' என்ற பெயரில் இருப்பது சில டிவிகளில் பேக்லைட்டாக இருக்காது, வெறும் கறுப்பின் அளவை மாற்றும். பேக்லைட் என்று தனியாக இருந்தால் அதைத் தொடுங்கள். இரவில் விளக்கு அணைத்துப் பார்க்கும்போது இன்னும் குறைக்கலாம், கண்ணுக்கும் இதம். மின்சாரமும் குறையும். பொதுவாக ஒரு 43 இன்ச் 80 வாட் இழுக்கிறது என்று வைத்துக்கொண்டால், தினம் ஐந்து மணி நேரத்துக்கு 0.4 யூனிட், இரண்டு மாத பில்லில் 24 யூனிட். நம்மூரில் முதல் கொஞ்சம் யூனிட் இலவசம் என்பதால், அந்த வரம்பை ஒட்டி நிற்கும் சின்னக் குடும்பங்களுக்கு அந்த 24 கொஞ்சம் கணக்கில் வரும். ஏசி ஓடுகிற வீட்டில் யாரும் கவனிக்கப்போவதில்லை.

இப்போது அளவு. 43 இன்ச் என்பது மூலைக்கு மூலை. பெட்டியில் 108 செ.மீ. என்று போட்டிருக்கும். அகலம் 95 செ.மீ.க்குப் பக்கம், சட்டம் சேர்த்து இன்னும் கொஞ்சம். 32 இன்ச்சோடு ஒப்பிட்டால் திரைப் பரப்பு 1.8 மடங்கு, கிட்டத்தட்ட இரட்டிப்பு. உங்கள் ஹாலின் பன்னிரண்டு அடிப் பக்கத்தில் டிவி ஒரு சுவர், சோபா எதிர்ச்சுவர் என்றால், சோபாவின் ஆழத்தையும் டிவி மேஜையையும் கழித்துக் கண்ணிலிருந்து திரைக்கு எட்டு அடி நிற்கும். திரை கண்ணில் முப்பது டிகிரி விரிய வேண்டும் என்று ஒரு கணக்கு உண்டு. அதன்படி 43 இன்ச்சை ஆறு அடியில் உட்கார்ந்து பார்க்க வேண்டும். எட்டு அடிக்கு 55 வரை போகலாம். ஆனால் அது நல்ல தரமான படம் வருகிற வீட்டுக்கான கணக்கு. பாதி நேரம் கேபிளில் சாதாரண சேனல் பார்க்கிற வீட்டில் திரை பெரிதாக ஆக அசிங்கம்தான் பெரிதாகத் தெரியும். வாடகை வீடு, அடுத்த வீட்டு ஹால் எப்படி இருக்குமோ என்பதையும் சேர்த்தால், 43 நல்ல முடிவு. பத்தடிப் பக்கம் போட்டுப் பார்த்தாலும் உறுத்தாது.

ஒன்று மட்டும், வாங்கும் முன் டேப் எடுத்து அளந்துவிடுங்கள். பழைய வீடுகளில் ஹாலில் சிமெண்ட் ஷோகேஸ் கட்டி நடுவில் டிவிக்கு என்று ஒரு பொந்து விட்டிருப்பார்கள். டியூப் டிவிக்காகக் கட்டியது. 32 இன்ச் அதில் எப்படியோ நுழையும், 43 நுழையாது. மேஜையில் வைப்பதென்றால், இப்போது வரும் டிவிகளுக்குக் கால் நடுவில் இல்லை, இரண்டு ஓரத்திலும் இருக்கிறது. மேஜை மூன்றடிக்குக் குறைந்தால் ஒரு கால் அந்தரத்தில் நிற்கும். சுவரில் மாட்டுவதென்றால் வீட்டுக்காரரிடம் முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். புதுக் கட்டடங்களில் இருக்கும் லேசான வெள்ளை பிளாக் சுவருக்குச் சாதாரண பிளாஸ்டிக் பிளக் பிடிக்காது, அதற்கென்று தனியாக வருவதைக் கேட்டு வாங்க வேண்டும். உட்கார்ந்தால் கண் மட்டம் திரையின் நடுவுக்கு வர வேண்டும். சாமி படம் மாட்டுகிற உயரத்தில் டிவியை மாட்டிவிட்டுக் கழுத்து வலிக்கிறது என்கிறவர்கள் நிறைய.

4கே பற்றிக் கணக்கே போட்டுக் காட்டுகிறேன். நல்ல பார்வையுள்ள கண் ஒரு டிகிரியில் அறுபதில் ஒரு பங்கு வரைதான் பிரித்துப் பார்க்கும். 43 இன்ச் ஃபுல் எச்டி திரையில் ஒரு புள்ளி அரை மில்லிமீட்டர். ஐந்தரை அடிக்கு அப்பால் போனால் அந்தப் புள்ளி கண்ணுக்குத் தனியாகத் தெரியாது. அதைவிடச் சின்னப் புள்ளி வைத்த 4கேயும் அந்தத் தூரத்தில் அப்படியேதான் தெரியும். உங்கள் எட்டு அடியில் 4கேயின் கூர்மைக்காக ஒரு பைசா அதிகம் கொடுக்கத் தேவையில்லை. ஆனால் கடையில் இன்று 43 இன்ச் என்றாலே பெரும்பாலும் 4கேதான் எடுத்து வைக்கிறார்கள், நல்ல பிராசஸரும் அதில்தான் வருகிறது. சும்மா வருவதை வேண்டாம் என்று சொல்ல வேண்டாம், அதற்காக மயங்கவும் வேண்டாம். எச்டிஆர் (வெளிச்சமான இடத்தையும் இருட்டையும் இன்னும் எடுப்பாகக் காட்டும் வகைப் படம்) என்று பெட்டியில் போட்டிருப்பதும் இந்த விலையில் ஏறக்குறைய அலங்காரம்தான். எச்டிஆர் படம் ஜொலிக்க வேண்டுமானால் திரை அறுநூறு, ஆயிரம் நிட்ஸ் (திரை வெளிச்சத்தை அளக்கும் அலகு) வெளிச்சம் தர வேண்டும். இந்த வகை டிவிகள் 250, 300-லேயே நின்றுவிடும். கியூஎல்இடி என்பதும் அதே எல்சிடிதான், நடுவில் நிறத்தைக் கூட்டும் ஒரு ஷீட் சேர்த்தது. நிறம் நன்றாகத்தான் இருக்கும். ஓஎல்இடி மட்டும்தான் வேறு ஜாதி, பேக்லைட் இல்லாமல் ஒவ்வொரு புள்ளியும் தானே ஒளிரும். அது உங்கள் பட்ஜெட்டிலும் இல்லை. நாள் முழுக்க நியூஸ் சேனல் ஓடுகிற வீட்டில் கீழே ஓடும் பட்டையும் மூலையில் நிற்கும் லோகோவும் அதில் தழும்பாகப் பதிந்துவிடலாம் என்ற பயமும் உண்டு.

விலை விஷயத்தில் காலம் உங்கள் பக்கம். 32 இன்ச் வரைக்குமான டிவிகளுக்கு 2019 ஜனவரியிலிருந்தே ஜிஎஸ்டி 18 சதவீதம்தான். அதற்கு மேலே 28 இருந்தது. 2025 செப்டம்பர் 22 முதல் பெரிய டிவிகளுக்கும் 18 ஆக்கிவிட்டார்கள். அதற்கு முன்பு யாராவது சொன்ன விலையை வைத்துக்கொண்டு பேரம் பேசாதீர்கள். ஆடித் தள்ளுபடி, தீபாவளி ஆஃபர் என்று வரும்போது மாடல் எண்ணைக் கடைசி எழுத்து வரை ஒப்பிடுங்கள். ஒரே பெயர், ஒரே முகம், கடைசி எழுத்து மட்டும் வேறாக இருக்கும். உள்ளே ரேம் பாதியாகவோ எச்டிஎம்ஐ ஓட்டை ஒன்று குறைவாகவோ இருக்கும்.

கம்பெனி விஷயத்தில் நான் உறுதியாகச் சொல்லக்கூடியது இவ்வளவுதான். உள்ளே இருக்கும் பேனலைச் செய்பவர்கள் உலகத்திலேயே சில பேர்தான். பிஓஇ, சிஎஸ்ஓடி, எச்கேசி என்கிற சீனத்துப் பெயர்கள்தான் பல பிராண்டுகளின் முதுகைத் திறந்தால் ஸ்டிக்கரில் இருக்கின்றன. ஒரே மாடலுக்குள்ளேயே இந்த மாதம் ஒன்று, அடுத்த மாதம் வேறொன்று வரும். அதனால் கடையில் நீங்கள் பார்க்க வேண்டியது வேறு. ஒன்று, திரைக்கு நேராக நிற்காமல் ஓரமாகப் போய் நின்று பாருங்கள். முகங்கள் வெளுத்துப்போனால் அது விஏ பேனல். நேராக உட்காருபவர்களுக்கு கறுப்பு நல்ல கறுப்பாக இருக்கும். நிறம் மாறாமல் இருந்தால் ஐபிஎஸ். தரையில் ஒருவர், சமையலறை வாசலில் ஒருவர் என்று பார்க்கிற வீட்டுக்கு அது நல்லது, ஆனால் இருட்டில் கறுப்பு சாம்பல் தட்டும். உங்கள் வீட்டில் யார் எங்கே உட்காருவார்கள் என்பது உங்களுக்குத்தான் தெரியும். இரண்டாவது, அந்தக் கம்பெனிக்குச் சென்னையில் சர்வீஸ் எங்கே, மூன்று வருஷம் கழித்து மெயின் போர்டு கிடைக்குமா என்று கேளுங்கள். கடைக்காரர் திருதிருவென்று விழித்தால் அடுத்த டிவியைப் பாருங்கள். என் பெஞ்சில் பழுது சின்னதாக இருந்தும் போர்டு கிடைக்காமல் செத்த டிவிகள் கணிசம்.

வாங்கிய பிறகு படம் நன்றாக இல்லை என்று வருகிற புகாரில் பாதி டிவியின் தப்பே இல்லை. பார்த்தசாரதி கோயில் பக்கத்தில் ஒரு மாமி வீட்டுக்குப் போயிருந்தேன். புது 43 இன்ச் 4கே. "என்ன தம்பி, பழைய டிவில சீரியல்காரி மூக்குத்திகூடத் தெரிஞ்சுது, இதுல மூஞ்சியே தெரியல" என்றார். டிவிக்குப் பின்னால் கையை விட்டுப் பார்த்தால் செட்டாப் பாக்ஸிலிருந்து மஞ்சள், சிவப்பு, வெள்ளை பின் ஒயர். எச்டி பாக்ஸ்தான், மாதாமாதம் எச்டி பேக்குக்குப் பணமும் கட்டுகிறார். பாக்ஸோடு கொடுத்த எச்டிஎம்ஐ ஒயர் கவர் பிரிக்காமல் ஷோகேஸில் கொலு பொம்மைக்குப் பக்கத்தில் இருந்தது. மாட்டிவிட்டு, பாக்ஸ் செட்டிங்கில் '1080i' என்ற எச்டி அளவை வைத்து, படத்தை இழுத்து அகலப்படுத்தியிருந்ததை எடுத்துவிட்டேன். "மூக்குத்தி வந்துடுத்து" என்று காபி கொடுத்தார்.

இதன் கணக்கும் சுவையானது. எச்டி இல்லாத சாதாரண சேனல், அதாவது எஸ்டி சேனல், 720க்கு 576 புள்ளி. 4கே திரை 3840க்கு 2160. பெருக்கிப் பாருங்கள், சரியாக இருபது மடங்கு. அதாவது சேனல் அனுப்புகிற ஒவ்வொரு புள்ளிக்கும் டிவி பத்தொன்பதைச் சொந்தமாகக் கற்பனை செய்து நிரப்புகிறது. டிவி எவ்வளவு பெரிய புத்திசாலியாக இருந்தாலும் இதில் ஓரளவுதான் செய்ய முடியும். நீங்கள் தினம் பார்க்கிற நாலைந்து சேனலுக்காவது எச்டி எடுங்கள். டிவியில் ஐயாயிரம் மிச்சம் பிடித்து இதற்குப் போடுவது உத்தமம். நெட்டில் பார்ப்பதென்றால் நெட்ஃபிளிக்ஸ் ஃபுல் எச்டிக்கு 5 எம்பிபிஎஸ், 4கேக்கு 15 எம்பிபிஎஸ் போதும் என்கிறது. உங்கள் பிளான் நூறாக இருந்தும் சுற்றிக்கொண்டே நின்றால் ரவுட்டர் எங்கே இருக்கிறது என்று பாருங்கள். டிவியில் 5 கிகாஹெர்ட்ஸ் வைஃபை இருக்கிறதா என்று வாங்கும்போதே கேட்டுக்கொள்வது நல்லது, அபார்ட்மெண்டில் 2.4-இல் அக்கம்பக்கத்து ரவுட்டர்கள் எல்லாம் முட்டி மோதுகின்றன.

படம் சினிமா பார்க்கிற மாதிரி இல்லாமல் சீரியல் மாதிரி வழுவழுவென்று ஓடினால், மோஷன் என்று தொடங்கும் ஒரு செட்டிங் இருக்கும், அணைத்துவிடுங்கள். சினிமா நொடிக்கு 24 ஃபிரேம், இடையில் டிவி தானாக ஃபிரேம் செருகுவதால் வருவது அது. கிரிக்கெட்டுக்கு வேண்டுமானால் கொஞ்சம் வைத்துக்கொள்ளலாம். பிக்சர் மோடில் 'சினிமா' அல்லது 'மூவி' வைத்தால் முதல் இரண்டு நாள் எல்லாம் மஞ்சளாகத் தெரியும். கடையில் பார்த்த நீலம் கலந்த வெள்ளைக்குக் கண் பழகியிருப்பதால்தான். மூன்றாம் நாள் பழையதற்கு மாற்றிப் பாருங்கள், டியூப்லைட் மாதிரி இருக்கும். (கிரிக்கெட் என்றதும் ஞாபகம். சேப்பாக்கத்தில் மேட்ச் என்றால் என் கடைக்கு மைதானத்து இரைச்சல் முதலில் வரும். நெட்டில் ஓடும் டிவியில் அந்த சிக்ஸர் அரை நிமிஷம் கழித்து வரும். கேபிளில் இவ்வளவு தாமதம் இருக்காது. பக்கத்து வீட்டுக்காரர் முன்னாடியே கத்துவது பிடிக்கவில்லையென்றால் கேபிளை வெட்டிவிடாதீர்கள்.)

சத்தம் எல்லா மெல்லிய டிவியிலும் சுமார்தான். ஸ்பீக்கர் கீழே பார்த்து இருக்கிறது, இடமும் இல்லை. வசனம் கேட்கவில்லை, பாட்டு மட்டும் காதைப் பிளக்கிறது என்றால், சவுண்ட்பார் வாங்கும் முன் ஆப்பிலோ பாக்ஸிலோ ஆடியோவை 5.1-இலிருந்து (சுற்றிலும் பல ஸ்பீக்கர் வைத்த வீட்டுக்கானது) இரண்டு ஸ்பீக்கருக்கான ஸ்டீரியோவுக்கு மாற்றிப் பாருங்கள்.

ஸ்டெபிலைசர் வேண்டுமா என்று எல்லோரும் கேட்பார்கள், நீங்களும் கேட்பீர்கள். டிவியின் முதுகில் ஸ்டிக்கரைப் பாருங்கள், பெரும்பாலும் 100-240 வோல்ட் என்று இருக்கும். வோல்டேஜ் இறங்கி ஏறுவதை அதன் பவர் சப்ளை தானே சமாளிக்கும். அந்தக் காலத்து டியூப் டிவிக்கு இருந்த பழக்கம் இது. டிவியைக் கொல்வது வேறு இரண்டு. ஒன்று நியூட்ரல், அதாவது கரண்ட் திரும்பிப் போகும் ஒயர், அறுவது. கட்டடத்துக்கு மூன்று ஃபேஸ் வரும். ஃபேஸுக்கும் ஃபேஸுக்கும் நடுவே 415 வோல்ட். நியூட்ரல் கழன்றால் உங்கள் 230 வோல்ட் பிளக்கில் 300, 400 என்று ஏறலாம். ஒரே நாளில் ஒரே பிளாக்கிலிருந்து நாலு டிவி, இரண்டு ஃபிரிட்ஜ் என்று வந்தால் நான் கேட்கும் முதல் கேள்வி இதுதான். லைட் திடீரென்று அதிகப் பிரகாசமாக எரிந்தால் யோசிக்காமல் மெயினை அணையுங்கள். இரண்டாவது இடி. ஐப்பசி, கார்த்திகையில் மின்னும்போது பவர் பிளக்கை மட்டும் உருவினால் போதாது, கேபிள் ஒயரையும் கழற்ற வேண்டும். மொட்டை மாடி டிஷ்ஷிலிருந்து ஒயர் வழியாக வந்து பாக்ஸைத் தாண்டி எச்டிஎம்ஐ வழியாக மெயின் போர்டைச் சுட்ட கேஸ்கள் ஒவ்வொரு மழைக்கும் உண்டு. நல்ல ஸ்பைக் பஸ்டர் ஓரளவு காப்பாற்றும், ஆனால் உள்ளே அதிக வோல்டேஜைத் தாங்கிக்கொள்ளும் வேரிஸ்டர் என்ற பாகம் ஒவ்வொரு அடியிலும் கொஞ்சம் தேயும். எர்த் இல்லாத பிளக்கில் மாட்டினால் அதற்கும் பாதி பலம்தான்.

திரையைத் துடைப்பது பற்றி ஒன்று சொல்லியே ஆக வேண்டும். ஆயுத பூஜைக்கு மறுநாள் என் கடைக்கு நாலைந்து டிவி வருவது வழக்கம். எல்லாவற்றிலும் ஒரே பழுது: கீழிருந்து மேல் வரை கோடு, அல்லது பாதித் திரை இருட்டு. காரணமும் ஒன்றே. ஈரத்துணி பிழிந்து அழுத்தித் துடைத்திருப்பார்கள், அல்லது கண்ணாடி துடைக்கிற திரவத்தை நேராகத் திரையில் பீய்ச்சியிருப்பார்கள். வழிந்த நீர் கீழ்ச்சட்டத்துக்குள் இறங்குகிறது. அங்கேதான் பல டிவிகளில், தபால் தலை அளவு மெல்லிய ஃபிலிம்கள் வரிசையாகக் கண்ணாடியின் விளிம்பில் ஒட்டியிருக்கும், ஒவ்வொன்றிலும் முடியைவிட மெல்லிய நூற்றுக்கணக்கான தடங்கள். ஒரு சொட்டு போதும். பாண்டிங் மெஷின் வைத்திருப்பவர்கள் சிலர் அதை மறுபடி ஒட்டித் தருகிறார்கள். அதை நான் பாதி நம்பிக்கையோடுதான் சிபாரிசு செய்வேன். இரண்டு வருஷம் ஓடியதும் உண்டு, மூன்றே வாரத்தில் திரும்பி வந்ததும் உண்டு. பேனலே மாற்றுவதென்றால் புது டிவி விலையில் பாதிக்கு மேல் ஆகும், அது வேண்டாத வேலை. பிளக்கை உருவிவிட்டு, கண்ணாடி துடைக்கிற மெத்தென்ற துணியாலோ துவைத்துக் காய்ந்த பழைய பனியனாலோ அழுத்தாமல் துடையுங்கள், போதும். சந்தனம் குங்குமம் வைத்தே ஆக வேண்டுமென்றால் ஸ்டாண்டுக்கு வையுங்கள். சரஸ்வதி கோபித்துக்கொள்ள மாட்டாள்.

எங்கள் பக்கத்துக்கு உப்புக் காற்று ஒரு தனி வியாதி. பட்டினப்பாக்கம், ராயபுரம் பக்கமிருந்து வரும் போர்டுகளைத் திறந்தால் செம்புக் கால்கள் பச்சைக் களிம்பு பூத்திருக்கும். பெரம்பூருக்கு அவ்வளவு இராது. ஆனால் பல்லி எல்லா ஊரிலும் உண்டு. டிவியின் வெதுவெதுப்புக்குக் காற்றுத் துளை வழியாக உள்ளே போய் பவர் போர்டில் வால் ஒரு பக்கம், தலை ஒரு பக்கம் பட்டு, தானும் போய் டிவியையும் கொண்டுபோகும். சுவரோடு ஒட்டி மாட்டாமல் பின்னால் கை நுழைகிற இடம் விட்டு, மாதம் ஒரு தடவை பின்பக்கம் பிரஷ்ஷால் தட்டிவிடுங்கள். கடலோரத்தில் தினம் கொஞ்ச நேரமாவது ஓடுகிற டிவி, மாதக்கணக்கில் பூட்டிக் கிடக்கும் டிவியைவிட அதிகம் தாங்குகிறது என்பது என் அனுபவம். சூட்டில் ஈரம் காய்வதால் இருக்கலாம் என்பது என் ஊகம் மட்டுமே.

ஸ்மார்ட் பகுதி மூன்று நாலு வருஷத்தில் மந்தமாகும், இது நிச்சயம். 2 ஜிபி ரேம், 8 ஜிபி இடம், ஆப்புகளோ வருஷாவருஷம் குண்டாகின்றன. அதற்காக டிவியைத் தூக்கிப் போடாதீர்கள். நாலாயிரத்துச் சொச்சத்துக்கு ஆப்புகளைத் தானே ஓட்டும் ஒரு ஸ்ட்ரீமிங் ஸ்டிக் வாங்கி எச்டிஎம்ஐயில் செருகினால் மறுபடி இளமை.

டெலிவரி வரும்போது வீட்டில் இருங்கள். இரண்டு பேர் இரண்டு பக்கமும் நிமிர்த்திப் பிடித்துத் தூக்க வேண்டும், படுக்க வைக்கக் கூடாது. பைக்கில் பின்னால் ஒருவர் கட்டிப்பிடித்துக்கொண்டு வருவதை அண்ணா சாலையில் பார்க்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு பதறும். வெளியே கீறல் இருக்காது, உள்ளே சிலந்தி வலை மாதிரி விரிசல் இருக்கும், அதற்கு வாரண்டியும் கிடையாது. பெட்டி பிரிப்பதைச் செல்லில் வீடியோ எடுங்கள். வந்தவர் கிளம்பும் முன் யூடியூபில் முழுத்திரை வெள்ளை, கறுப்பு, சிவப்பு, பச்சை, நீலம் போட்டுப் பார்த்து, செத்த புள்ளி, ஓரத்தில் வெளிச்சக் கசிவு இருந்தால் அப்போதே சொல்லுங்கள். ஜிஎஸ்டி பில்லும் சீரியல் நம்பரும் போட்டோ எடுத்து வையுங்கள். கடையோ கம்பெனியோ கைவிரித்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915 இருக்கிறது, அங்கே புகார் சொல்லலாம். கூடுதல் வாரண்டி விற்பார்கள். பேனலும் அதில் அடக்கம் என்று எழுத்தில் இருந்து, விலையில் பத்தில் ஒரு பங்குக்குள் இருந்தால் நான் எடுப்பேன். பேனல் இல்லையென்றால் வேண்டாம், மற்ற பழுதெல்லாம் வெளியே பார்க்கிற செலவுதான்.

பத்து வருஷம் வருமா என்றால், 2006-இல் அரசு கொடுக்க ஆரம்பித்த 14 இன்ச் டியூப் டிவி அவ்வளவு காலம் ஓடியதைப் பார்த்தவர்களுக்கு அந்த எதிர்பார்ப்பு இருப்பது நியாயம்தான். இப்போதைய டிவிக்கு நான் மனதில் வைத்துக்கொள்ளும் கணக்கு ஏழு வருஷம், நடுவில் ஒரு ஸ்ட்ரிப் செலவு. பேக்லைட்டை இறக்கி வைத்தவர் வீட்டில் எட்டு, ஒன்பது வருஷம் ஓடுவதையும் பார்த்திருக்கிறேன்.

இன்றைக்கு அந்த 32 இன்ச்சில் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு என்ன தெரிந்தது என்று எழுதுங்கள். படம் தெரிந்தால் முதுகு ஸ்டிக்கரில் இருக்கும் மாடல் எண்ணையும் சேர்த்து எழுதினால், எந்த ஸ்ட்ரிப் கேட்டு வாங்க வேண்டும் என்று சொல்கிறேன். அதைச் சரிசெய்து பெட்ரூமுக்கு வைத்துக்கொண்டால் புது டிவிக்கு அவசரப்பட வேண்டாம், அடுத்த தள்ளுபடி வரை நிதானமாகப் பார்க்கலாம்.